தவக்காலத்தில் வேதத்தைத் தியானிப்பது: ஒரு தொடக்க விளக்கம்

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் நெருங்கும்போது கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கமாக இரண்டு தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன. புலால் உண்பதில்லை என்பது ஒன்று. தினமும் வேதத்தைத் தியானிப்பது என்பது மற்றொன்று. முதல் தீர்மானத்தைக் காத்தோமா, மீறினோமா என்பதை இரவில் எவரும் தயங்காமல் சொல்லிவிடலாம். இரண்டாவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடிவதில்லை. ஏனென்றால் அதில் என்ன செய்ய வேண்டும் என்பதே பலருக்குத் தெளிவாக இல்லை. அட்டவணை போட்டு நாளுக்கு ஐந்தாறு அதிகாரம் படித்து முடிப்பவரும் தியானம் செய்ததாகவே சொல்கிறார். காலையில் வாட்ஸ்அப்பில் வந்த வசனப் படத்தை நான்கு குழுக்களுக்கு அனுப்பிவைத்தவரும், யூடியூபில் பிரசங்கம் ஓட ஓடச் சமைத்து முடித்தவரும் அப்படியே சொல்கிறார்கள். கண்ணை மூடி, மனத்தில் எதுவும் ஓடாமலிருக்க முயன்று தோற்றவரோ, தமக்குத் தியானம் வராது என்று முடிவுகட்டிவிடுகிறார்.

இவற்றில் எதுவும் தீங்கானதன்று. ஆனால் கிறிஸ்தவ மரபு தியானம் என்று சொல்லிவந்த செயல் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் அதைச் செய்யலாம். அந்த நடைமுறையை, புதிதாகத் தொடங்குகிறவர் பின்பற்றும் அளவுக்கு மட்டும், இங்கே விளக்குகிறேன். வசனங்களைப் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் பழகிப்போன பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே இடங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

## மேய்ச்சலும் அசைபோடுதலும்

பசு மேய்ச்சல் நிலத்தில் நிற்கும்போது நிதானமாகத் தின்பதில்லை. புல்லை நாக்கால் சுருட்டி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு அடுத்த பிடிக்கு நகர்ந்துவிடும். வயிறு நிரம்பியபின் நிழலில் படுத்து, விழுங்கியதைக் கவளம் கவளமாக வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து மெல்லத் தொடங்கும். புல்லின் நார் நன்றாக நொறுங்குவது இந்த இரண்டாவது மெல்லலில்தான். மேயாத மாட்டுக்கு அசைபோட எதுவும் இராது. மேய்ந்தும் அசைபோடாத மாட்டைக் கண்டால், அதற்கு உடம்புக்கு ஆகவில்லை என்பதை மாடு வளர்ப்பவர் உடனே அறிந்துகொள்வார்.

வேதத்தை வாசிப்பது மேய்ச்சல் என்றால், தியானிப்பது இந்த அசைபோடுதல். நாம் புதிதாக உவமை தேட வேண்டியதில்லை. மேற்குலகின் துறவியர் பல நூற்றாண்டுகளாகத் தியானத்தைக் குறிக்க இதே உவமையைத்தான் கையாண்டார்கள். தியானம் என்பதை இப்படி வரையறுத்துக்கொள்ளலாம்: வேதத்தின் ஒரு சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப மெதுவாக வாசித்து, அதில் தம்மை நிறுத்துகிற சொல்லிலோ வரியிலோ தங்கி, அது தம் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டு, அதைக் குறித்துக் கடவுளிடம் பேசுவது.

ஏன் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்? ஊதாரி மகன் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டு வளர்ந்த ஒருவர் லூக்கா 15-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், முதல் வரியைக் கண்டதுமே அவர் மனம் கடைசி வரிக்கு ஓடிவிடுகிறது. கண் எழுத்தின் மேல் நகர்ந்தாலும், உண்மையில் அவர் படிப்பது தம் நினைவில் ஏற்கெனவே இருக்கும் கதையைத்தான். இரண்டாம் முறை நிதானமாகப் போகும்போதுதான், மூத்த மகன் வயலிலிருந்து வந்து வீட்டுக்குள் போக மனதில்லாமல் வெளியே நின்றுவிட்டதும், தகப்பன் விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்து அவனை வருந்தி அழைத்ததும் கண்ணில் படுகின்றன. மூன்றாம் முறையில், அந்த விருந்துக்குள் அவன் கடைசியில் போனானா என்பதைக் கதை சொல்லாமலே விட்டிருப்பது தெரிகிறது. பழகிய எழுத்து புதிதாகத் தெரிவதற்கு இதைத் தவிர வேறு வழி இல்லை.

மனத்தை வெறுமையாக்கும் பயிற்சிகளோடு இதைக் குழப்பிக்கொள்வதும் பரவலாக இருக்கிறது. எண்ணங்களை அடக்கி அமைதி அடைவதை இலக்காகக் கொண்ட தியான மரபுகள் நம் நாட்டில் பல உண்டு. அவற்றின் பெருமையைப் பற்றி இங்கே விவாதம் இல்லை. வேதத் தியானமோ எண்ணத்துக்கு வேலை கொடுக்கிறது. 'இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்' என்று முதலாம் சங்கீதம் சொல்லும்போது, அங்கே மனத்தின் முன்னே ஒரு நூல் விரிந்திருக்கிறது. யோசுவாவுக்குச் சொல்லப்பட்டது இன்னும் வெளிப்படையானது: 'இந்த நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக.' தியானத்தில் வாய்க்கும் வேலை உண்டு என்பதை இந்த வரி காட்டுகிறது. இதைப் பற்றிச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தியானம் வாசிப்பின் அளவைப் பொறுத்தது அன்று, வாசித்த சிறு பகுதிக்குத் திரும்பி வருவதைப் பொறுத்தது. ஆகவே மனம் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. அதன் முன் ஒரு வசனம் இருந்தால் போதும்.

## நாற்பது நாள் என்ற காலம்

தவக்காலம் என்பது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முன்வரும் ஆயத்தக் காலம். சீர்திருத்தச் சபைகளில் இதை லெந்து நாட்கள் என்பார்கள். திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். 2026-இல் அது பிப்ரவரி 18 முதல் ஏப்ரல் 4 வரை. இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் உயிர்ப்பைக் கொண்டாடும் நாட்கள் என்பதால் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. அவற்றைக் கழித்தால் நாற்பது. கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் சட்டம் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாட்களை எல்லாரும் அறிந்த ஒன்றாகவே குறிப்பிடுவதால், இந்த வழக்கத்தின் பழைமை விளங்கும். லெந்தை அனுசரிக்காத சபைகளும் உண்டு. கட்டாய நோன்பு வேதத்தில் இல்லை என்ற சீர்திருத்தக் கால வாதம் அவர்களிடையே இன்றும் நிலைத்திருக்கிறது. அவர்களுக்கும் பின்வரும் நடைமுறையில் மறுப்பு இருக்கக் காரணமில்லை.

நாற்பது என்ற எண் வேதத்தில் அடிக்கடி வருவது. மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் இருந்தார்; எலியா ஓரேப் மலை வரை நாற்பது நாள் நடந்தார்; இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார். இந்த மூன்று இடங்களிலும் உணவு குறைவதோடு அல்லது நின்றுபோவதோடு கடவுளின் வார்த்தையும் சேர்ந்தே வருகிறது. மோசே அப்பம் புசியாமல், தண்ணீர் குடியாமல் இருந்த நாட்களில்தான் கட்டளைகள் கற்பலகைகளில் எழுதப்பட்டன. ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தியையும் புலால் தவிர்க்கும் சுத்தபோசனத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வார்த்தையை விட்டுவிட்டால், தவக்காலம் பாதியாகிவிடும் என்பது என் கருத்து.

## வனாந்தரத்தில் இருவரும் வசனம் சொன்னார்கள்

தியானத்துக்கும் வசன அறிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண, மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் வரும் சோதனைப் பகுதியைவிடத் தெளிவான இடம் இல்லை. பல சபைகளில் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று வாசிக்கப்படுவதும் இந்த நிகழ்ச்சிதான். இதைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்போம். ஆயினும் ஒன்றை மெதுவாகக் கவனிக்க வேண்டும். அங்கே வசனம் சொல்பவர் இயேசு மட்டும் அல்லர். சோதனைக்காரனாகிய பிசாசும் சொல்கிறான்.

ஆலயத்தின் உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும் என்கிறான்; உடனே 91-ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டுகிறான். தேவதூதர்களுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டிருக்கிறது, பாதம் கல்லில் இடறாதபடி அவர்கள் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்கிறான். அந்தச் சங்கீதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். மூலத்தில் 'உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி' என்றொரு தொடர் இருக்கிறது. மத்தேயுவில் சோதனைக்காரன் சொல்லும் மேற்கோளில் அது இல்லை. நடக்கும் வழியில் கிடைக்கும் காவலைப் பற்றிய வாக்குறுதியை, கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டும் வித்தைக்கு உத்தரவாதமாக அவன் மாற்றிவிடுகிறான். அவன் வசனத்தை அறியாதவன் அல்லன். தான் ஏற்கெனவே முடிவுசெய்த காரியத்துக்கு ஆதரவாக ஒரு வசனத்தைத் தேடி எடுத்தவன்.

இயேசுவின் மறுமொழிகள் மூன்றும் உபாகமத்திலிருந்து வருகின்றன: 8:3, 6:16, 6:13. மூன்றும் இரண்டு அதிகார இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. வனாந்தரத்தில் நாற்பது ஆண்டு அலைந்த இஸ்ரவேலருக்கு, அவர்கள் பட்ட பசியையும் அவர்கள் கடவுளைச் சோதித்த நாளையும் மோசே நினைவூட்டும் பகுதி அது. வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருந்தவர், வனாந்தரத்தில் பசித்தவர்களின் கதையிலேயே அந்நாட்களில் தங்கியிருந்தார் என்று எண்ண இது இடம் தருகிறது. சுவிசேஷம் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் வேதம் முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த மூன்று வசனங்களைப் போல அவை தோன்றவில்லை. 'மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல, தேவனுடைய வாயிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் பிழைப்பான்' என்ற வரி, வனாந்தரத்தில் அவர்களுக்குக் கடவுள் தந்த உணவாகிய மன்னாவைப் பற்றிப் பேசும் இடத்தில் பிறந்தது. அது எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டதோ அதே சூழ்நிலையில் இருந்துகொண்டு அவர் அதைச் சொல்கிறார்.

ஆகவே, வசனம் மனப்பாடமாக இருப்பது மட்டும் தியானம் ஆகாது. வசனம் நம்மைக் கேள்வி கேட்க இடம் கொடுக்கிறோமா, நம் விருப்பத்துக்கு அதைச் சாட்சியாக இழுக்கிறோமா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

## மடத்தில் ஆளுக்கொரு நூல்

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசீனோ மடத்தில் வாழ்ந்த பெனடிக்ட், அதாவது தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனிதர், துறவியருக்காக 73 அதிகாரங்கள் கொண்ட ஓர் ஒழுங்கை எழுதினார். அதன் 48-ஆம் அதிகாரம் உடலுழைப்பையும் வாசிப்பையும் பற்றியது. தவக்காலத்தில் அதிகாலை முதல் மூன்றாம் மணி வரை, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ ஒன்பது மணி வரை, வாசிப்புக்கு ஒதுக்கப்படுகிறது. தவக்காலத் தொடக்கத்தில் நூலகத்திலிருந்து ஆளுக்கொரு நூல் கொடுக்கப்பட வேண்டும். அதை முதலிலிருந்து வரிசையாக, முழுவதும் வாசிக்க வேண்டும். அந்நூல் வேதாகமத்தின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கும் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். அவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு நூல். இன்றைய நாற்பது நாள் சவால்களில் வேதாகமம் முழுவதையும் படித்து முடிக்கச் சொல்வதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த மடாதிபதியின் நோக்கம் வேகம் அன்று என்பது புரியும். மனித இயல்பும் அவருக்குத் தெரிந்திருந்தது. வாசிப்பு நேரத்தில் மூத்த துறவியர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவந்து, யாராவது வாசிக்காமல் சும்மா இருக்கிறாரா, வீண்பேச்சில் ஈடுபட்டுப் பிறரையும் கெடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார். பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே துறவிகளுக்கும் வாசிப்பில் மனம் நிலைக்கவில்லை என்பது, கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்க்கும் நமக்குச் சற்று ஆறுதல்.

அதே அதிகாரத்தில் கோடைகால மதிய ஓய்வைப் பற்றி வரும் ஒரு குறிப்பு, வாசிப்பு அன்று எப்படி நடந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஓய்வு நேரத்திலும் வாசிக்க விரும்புகிறவர், மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் தமக்குள்ளே வாசித்துக்கொள்ளட்டும் என்கிறது அது. வாசிப்பு என்றால் வழக்கமாகக் குரல் எழும் என்பது இதிலிருந்து தெரிகிறது. குரலோடு வாசிக்கும்போது கண் நாவின் வேகத்துக்கு இறங்கிவர வேண்டியிருக்கிறது. வரிகளைத் தாண்டிப் போக முடிவதில்லை. ஒரே வசனம் கண்ணுக்கும் வாய்க்கும் காதுக்கும் சேர்ந்து கிடைக்கிறது. நம் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய, கோவாவைச் சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தில் ராகத்தோடு இழுத்து வாசிக்கிறார்கள். அந்த இழுப்பில் பாடுகளின் ஒவ்வொரு காட்சியும் அவசரப்படாமல் நகர்வதைக் கேட்டவர்கள், வாய்விட்டு வாசிப்பதன் பயனை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

## நான்கு படிகள்

இந்த வாசிப்பு முறைக்கு லெக்சியோ திவினா என்று பெயர். இறைவார்த்தையை இறைவேண்டலாக வாசித்தல் என்று அதை விளக்கலாம். அதன் அமைப்பைத் தெளிவாக எழுதிவைத்தவர் 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலுள்ள கிராண்ட் சார்த்ரூஸ் மடத்தின் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ. ஒருநாள் கைவேலையில் ஈடுபட்டிருந்தபோது நான்கு படிகள் தம் மனத்தில் தோன்றின என்று அவர் ஒரு நண்பருக்கு எழுதினார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், அமைந்திருத்தல். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் அதை மெல்கிறது, மன்றாட்டு அதன் சுவையைப் பெறுகிறது, அமைந்திருத்தல் அந்த இனிமையாகவே ஆகிவிடுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். அவர் காட்டிய எடுத்துக்காட்டு மலைப்பிரசங்கத்தின் ஒரே ஒரு வசனம்: 'இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள்.' அதிகாரக் கணக்கில் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

படிகளைத் தனித்தனியே பிரித்தால் வரும் கேட்டையும் அவர் சொல்லியிருக்கிறார். தியானம் இல்லாத வாசிப்பு வறண்டது. வாசிப்பு இல்லாத தியானம் தவறான வழியில் போகக்கூடியது. இரண்டாம் பாதி முக்கியமானது. நூலை மூடிவைத்துவிட்டு நமக்குத் தோன்றியதையெல்லாம் கடவுள் சொன்னதாக எடுத்துக்கொள்வதற்கு இங்கே இடமில்லை. 2010-இல் பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தை இறைவார்த்தையைப் பற்றி வெளியிட்ட மடலில் இந்த நான்கையும் விளக்கி, செயலில் போய்ச் சேராத வரை இது முடிவதில்லை என்றும் எழுதினார். அந்தச் செயலை ஐந்தாம் படியாகச் சொல்கிறவர்கள் உண்டு.

## ஏசாயா 58: ஒரு நாளின் தியானம்

படிகளைப் பட்டியலிடுவதைவிட ஒரு பகுதியை எடுத்துச் செய்து பார்ப்பதே மேல். ரோமைத் திருச்சபையின் வாசக அட்டவணைப்படி, திருநீற்றுப் புதனை அடுத்து வரும் வெள்ளியன்று ஏசாயா 58-ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்கள் வாசிக்கப்படுகின்றன. நோன்பு தொடங்கி மூன்றாம் நாள். இன்னும் உற்சாகம் குறையாத நேரம். அப்போது நோன்பாளிகளைக் கடிந்துகொள்ளும் ஒரு பகுதியை வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்பது வசனங்களையும் வாய்விட்டு ஒருமுறை வாசிக்க வேண்டும். என்ன நடக்கிறது என்பது மட்டும் இப்போதைக்குப் போதும். மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள்: நாங்கள் உபவாசிக்கிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை? கடவுள் பதில் தருகிறார்: உபவாச நாளிலும் உங்கள் விருப்பப்படியே நடக்கிறீர்கள், உங்கள் வேலைகளையெல்லாம் கட்டாயமாய்ச் செய்கிறீர்கள், வழக்கும் வாதும் செய்கிறீர்கள். பிறகு தமக்கு உகந்த உபவாசம் எது என்று வரிசையாகச் சொல்கிறார். சற்று நிறுத்திவிட்டு, இரண்டாம் முறை, இன்னும் மெதுவாக வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் மனம் இடறி நிற்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். மேலும் வாசித்து முடிக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை.

ஒருவருக்கு ஏழாம் வசனத்தில் நிற்க நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பசியுள்ளவனுக்கு ஆகாரம், வீடில்லாதவனுக்கு இடம், வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம் என்று வந்துகொண்டிருந்த வரிசையின் கடைசியில், 'உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்' என்ற சொற்கள் வருகின்றன. முந்தின மூன்றும் எவரோ ஒருவருக்குச் செய்யும் உதவிகள். தவக்கால உண்டியலில் பணம் போட்டுவிட்டால் ஓரளவு நிறைவேறியதாக மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். இது அப்படிப்பட்டதன்று. சொந்த இரத்தமானவனிடமிருந்து ஒளிந்துகொள்ளாதே என்கிறது. பாகப்பிரிவினையில் முறிந்துபோன அண்ணன் தெருமுனையில் வருவதைக் கண்டு வேறு சந்துக்குள் திரும்புவது, கைப்பேசியில் தங்கையின் பெயர் தெரிந்ததும் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவது ஆகியவை நினைவுக்கு வருகின்றன. அவர் பசியோடு இல்லை. கேட்டால் நம்மைவிட வசதியாகவும் இருக்கலாம். ஆனாலும் வசனம் அந்த ஒளிதலைப் பட்டினி போடுவதன் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது. ஏன் பக்கத்தில் வைத்தது என்று கேட்டுக்கொண்டே அந்த வரியைச் சில முறை சொல்லிப் பார்ப்பதுதான் அசைபோடுதல்.

அடுத்து மன்றாடுதல். இது அழகான செபமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'ஆண்டவரே, அவன் எனக்குச் செய்தது உமக்குத் தெரியாதா?' என்று வழக்காடுவதும் மன்றாட்டுதான். சங்கீதங்களில் பல அப்படித்தான் ஒலிக்கின்றன. அவனிடம் பேச எனக்கு மனம் வரவில்லை, அந்த மனத்தைத் தாரும் என்று கேட்பதும் மன்றாட்டே. வசனம் எதைத் தொட்டதோ அதைப் பற்றிப் பேசுவது மட்டுமே இங்கே வேண்டியது. அன்றாடம் சொல்லும் விண்ணப்பப் பட்டியலைத் திறந்துவிட்டால் தியானம் அங்கேயே கலைந்துபோகும்.

அமைந்திருத்தல் என்பது, பேச்சு அடங்கியபின் அந்த வரியோடு கடவுளின் முன் சும்மா இருப்பது. ஒரு நிமிடம் வாய்த்தாலும் சரி, வாய்க்காவிட்டாலும் சரி. இது நம் முயற்சியால் வருவதன்று என்பதே மரபின் தீர்ப்பு. எழுந்து போகும் முன் அந்த நாளுக்குரிய ஒரு செயலைத் தீர்மானித்துக்கொள்ளலாம். சமரசப் பேச்சு போன்ற பெரிய காரியமாக அது இருக்கத் தேவையில்லை. மாலைக்குள் தங்கைக்கு ஒரு முறை பேசிவிடுவது போதும். பகலில் பேருந்திலோ அடுப்படியிலோ அந்த ஆறேழு சொற்களை இரண்டு மூன்று முறை திரும்பச் சொல்லிக்கொண்டால், காலையில் செய்ததன் தொடர்ச்சி அறுபடாமல் இருக்கும்.

சுருக்கமாக, இவ்வளவும் இருபது நிமிடத்துக்குள் அடங்கும். ஒரு பகுதி, இரண்டு வாசிப்பு, ஒரு வரி, அதைப் பற்றிய பேச்சு, சிறிது அமைதி, ஒரு செயல்.

## எந்தப் பகுதியை எடுப்பது

வேதாகமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து விரல் பட்ட இடத்தை வாசிப்பதும், வாக்குத்தத்த அட்டைகளிலிருந்து ஒன்றை உருவி எடுப்பதும் நம்மிடையே பழக்கம். ஒரு நாளுக்கு ஒரு வசனம் என்ற வழக்கத்துக்கு மதிப்பான வரலாறும் உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் குடியிருப்பில் சின்சென்டார்ஃப் பிரபு 1728-இல் தொடங்கிவைத்த தினவசன வழக்கம் 1731 முதல் அச்சு நூலாகவே வந்துகொண்டிருக்கிறது. ஆனால் நம் அட்டைப் பெட்டிகளில் ஆறுதலும் ஆசீர்வாதமும் தரும் வசனங்கள் மட்டுமே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'உங்கள் வேலைகளையெல்லாம் கட்டாயமாய்ச் செய்கிறீர்கள்' என்ற ஏசாயாவின் வரியை எந்த அட்டையிலும் பார்க்க முடியாது. தவக்காலத்துக்கு அந்தப் பெட்டி போதாது.

எளிய வழி, வாசக அட்டவணையைப் பின்பற்றுவது. ஒவ்வொரு நாளும் எந்த வேதப்பகுதி வாசிக்கப்பட வேண்டும் என்று திருச்சபை வகுத்த வரிசை அது. 1969-இல் திருத்தியமைக்கப்பட்ட கத்தோலிக்க அட்டவணையில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறுகின்றன. தவக்கால வாரநாள் வாசகங்களோ ஆண்டுதோறும் அவையே. முதல் வாசகமும் நற்செய்தியும் ஒரே பொருளைத் தொடும்படி இணைக்கப்பட்டிருக்கின்றன. முதல் வாரத்தின் திங்களன்று, பிறனை நேசிக்கச் சொல்லும் லேவியராகமப் பகுதியோடு, பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள் என்னும் மத்தேயு 25 வருகிறது. நான்காம் வாரத் திங்களிலிருந்து யோவான் நற்செய்தி ஓரளவு தொடர்ச்சியாக வாசிக்கப்பட்டு, பாடுகளின் வாரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதே வாசகங்கள் ஆண்டுதோறும் திரும்பிவருவதால், சென்ற ஆண்டு நின்ற வரியில் இந்த ஆண்டும் நிற்கிறோமா என்று பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. அட்டவணை இல்லாத சபையைச் சேர்ந்தவர்கள் ஒரு நற்செய்தியை எடுத்து நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வசனமாகப் போகலாம். அல்லது மனம்வருந்துதலின் ஏழு சங்கீதங்களை (6, 32, 38, 51, 102, 130, 143) வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

## வழக்கமாக வரும் தடங்கல்கள்

பராக்கு எல்லாருக்கும் வரும். மின்கட்டணம் கட்டாதது நினைவுக்கு வந்தால், சண்டை போடாமல், நின்ற வரியை மறுபடி வாய்விட்டுச் சொல்லித் திரும்பிக்கொள்வதே போதுமானது. ஒரே நினைவு திரும்பத் திரும்ப வந்தால் அதையே மன்றாட்டில் சேர்த்துவிடலாம். சில நாட்களில் எந்த வரியும் நிறுத்தாது. அன்று பகுதியை இரண்டு முறை நிதானமாக வாசித்து, கர்த்தர் கற்பித்த செபத்தோடு முடித்துக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. உணர்ச்சி பெருகினால்தான் தியானம் நடந்தது என்ற எண்ணம் நம் கன்வென்ஷன் மேடைகளிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். வேதத்தில் அதற்கு ஆதாரம் தேடினால் கிடைப்பது அரிது.

இவற்றைவிடக் கவனமாக இருக்க வேண்டிய தடங்கல் ஒன்று உண்டு. வசனத்தில் நிற்கும்போது நமக்கு வேண்டாதவர்களின் முகங்களே வரிசையாகத் தோன்றலாம்: இது அவளுக்காகவே எழுதப்பட்டது, இதை அவர் படிக்க வேண்டும், இதைக் குடும்பக் குழுவில் போடலாம் என்று. வனாந்தரத்தில் சோதனைக்காரன் சங்கீதத்தைக் கையாண்ட விதத்துக்கு இது மிகவும் நெருங்கியது. அதற்கு மாற்றாக இரண்டு வழக்கங்கள் உதவும். வசனத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் வரிகளை எப்போதும் சேர்த்தே வாசிப்பது ஒன்று. வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டிலோ அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்திலோ ஜெபக்குழுவிலோ நின்ற வரியை மற்றவர்களோடு பகிர்ந்து, அவர்கள் அதை எப்படிக் கேட்டார்கள் என்று அறிவது இன்னொன்று. அகராதியும் விளக்கவுரையும் வேண்டும் என்ற அளவுக்குக் கேள்வி எழுந்தால், அதைக் குறித்துவைத்து வேதபாட நேரத்தில் கேட்கலாம். வேதபாடம் பொருளை ஆராய்வதற்கானது, அதைத் தியான நேரத்துக்குள் கொண்டுவந்தால் இரண்டும் அரைகுறையாகும்.

இடையில் நாட்கள் விட்டுப்போகும். பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், ஒரு கல்யாணத்தையோ காய்ச்சலையோ சாக்கிட்டு. அப்போது விட்டுப்போன மூன்று நாள் பகுதிகளையும் ஒரே மூச்சில் படித்துக் கணக்கை நேர்செய்யத் தோன்றும். அப்படிச் செய்தால் பழையபடி மேய்ச்சலுக்கே போய்விடுவோம். அவற்றை விட்டுவிட்டு அன்றைய பகுதியைத் திறந்தால் போதும்.